கருப்பி கொக்கியைத் திறந்தது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், காகங்கள் மனிதரைப் போலவே யோசிக்கின்றன என்று வந்த செய்தியைப் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். "அப்ப நம்ம கருப்பியும் யோசிக்குமா தாத்தா?" என்றாள். கருப்பி எங்கள் வெள்ளாடு. பட்டிக் கதவின் கொக்கியைக் கொம்பால் நெம்பித் தூக்கிவிட்டு, கொல்லையில் இருக்கும் அகத்தியைக் கடிக்கப் போய்விடும். முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அது திறப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். திறக்கக் கற்றுக்கொண்டதைப் பார்க்கவில்லை.

விலங்குகளின் அறிவை ஆராய்ந்த இங்கிலாந்து உளவியலாளர் லாய்டு மார்கன் அப்படிக் கூடவே இருந்து பார்த்தவர். அவருடைய நாய் டோனி, இரும்புக் கேட்டின் தாழ்ப்பாளைத் தலையால் தூக்கிவிட்டுத் தெருவுக்கு ஓடும். பார்க்கிறவர்களுக்கு, என்ன புத்தி என்றுதான் தோன்றும். ஆனால் டோனி முதலில் கம்பிகளுக்கு நடுவே கண்ட இடத்தில் தலையை விட்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு தடவை தலை தாழ்ப்பாளுக்கு அடியில் மாட்ட, கேட் திறந்துகொண்டது. அப்புறமும் தடுமாற்றம்தான். தடவிப் பார்க்காமல் நேரே தாழ்ப்பாளுக்குப் போகக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடித்தது. எளிய காரணமே போதும் என்கிற இடத்தில் பெரிய அறிவை ஏற்றிச் சொல்லக் கூடாது என்று 1894-இல் அவர் எழுதியது இந்தத் துறைக்கு அரிச்சுவடி.

அதற்காக எல்லாமே வெறும் பழக்கம் என்று தள்ளுவதும் தப்பு. 2002-இல் ஆக்ஸ்போர்டில் 'பெட்டி' என்ற நியூ கலிடோனியக் காகம் (பசிபிக் தீவு ஒன்றின் இனம்) நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து, குழாய்க்குள் இருந்த குட்டி வாளியைத் தூக்கி இரையை எடுத்தது. அந்த நொடியில் அதற்கு உதித்த யோசனை என்று உலகமே வியந்தது. காட்டில் பிடித்த அதே இனக் காகங்களும் குச்சியை வளைத்துக் கருவி செய்கின்றன என்று 2016-இல் தெரிய வந்ததும், வளைப்பது அந்த இனத்துக்கே உள்ள இயல்பாகவும் இருக்கலாமே என்று அந்த விளக்கத்தை மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. காகம் கெட்டிக்காரப் பறவை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

உங்கள் செய்தியில் இதைத்தான் தேடினேன். எத்தனை காகங்கள், முன்பே பழக்கினார்களா, வேறு எந்தக் காரணங்களைச் சோதித்து விலக்கினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை இடம் ஒதுக்கி எழுதுங்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இப்போது கொக்கியை ஒரு சாண் மேலே மாற்றியிருக்கிறோம். பள்ளி விட்டு வந்ததும் பேத்தி நோட்டோடு பட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். நேற்றோடு ஐந்து நாள். கருப்பி இன்னும் பழைய இடத்திலேயே கொம்பை வைத்து நெம்பிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
மணப்பாறை.