அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிரியாவில் சண்டையிட்ட உஸ்பெக் ஆயுதக் குழுக்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்லுங்கள். 1990களில் உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானா பள்ளத்தாக்கில், தாடி வைத்திருந்தாலே சந்தேகித்துச் சிறையில் தள்ளியது அன்றைய அதிபர் கரீமோவின் அரசு. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஜுமா நமங்கானியும் தாஹிர் யுல்தாஷேவும் 1998இல் உஸ்பெகிஸ்தான் இஸ்லாமிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். நமங்கானி 2001இல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார், யுல்தாஷேவ் 2009இல் பாகிஸ்தானின் வஜீரிஸ்தானில். 2014இல் கராச்சி விமான நிலையத் தாக்குதலுக்கும் இந்த இயக்கம் பொறுப்பேற்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் செத்தார்கள். கரீமோவின் கொடுமையைக் காட்டி இதை நியாயப்படுத்தினால் என்னால் ஏற்க முடியாது.

அப்புறம் சிரியா. ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்குப் போன இளைஞர்கள் பலர் அங்கேதான் ஆள்பிடிப்பவர்களிடம் சிக்கினார்கள். சிலர் மனைவி, பிள்ளைகளையும் போர்க்களத்துக்குக் கூட்டிப்போனார்கள். 2019 மே மாதம் ‘மெஹ்ர்’ என்ற நடவடிக்கையில் 156 பேரை உஸ்பெகிஸ்தான் விமானத்தில் திரும்பக் கொண்டுவந்தது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மெஹ்ர் என்றால் அன்பு. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, பக்கத்து வீட்டார் சேர்த்துக்கொள்கிறார்களா? தயவுசெய்து ஒரு செய்தி போடுங்கள்.

– ஒரு வாசகர்