வெப்ளியில் சேஃப்டி எங்கே?

குடியாத்தம்

அன்புள்ள நடேசா,

கடிதம் கிடைத்தது. பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளை ஈ வந்தது 2016-இல். இத்தனை வருடம் கழித்தும் உன் தோப்பை விடவில்லை என்றால் என்ன சொல்வது. இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் மாடிப்படி ஏறினால் முழங்கால் பேசுகிறது.

தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த அப்பாவின் வெப்ளி ரிவால்வரைத் திரும்ப வாங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, ரைட்டர் “சேஃப்டி போட்டிருக்கா சார்?” என்று கேட்டதையும், நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முழித்ததையும் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. அப்படித் திருப்பிப் பார்த்தாயே, குழல் அப்போது யார் பக்கம் இருந்தது?

இனிமேல் தேடாதே. சேஃப்டி என்பது துப்பாக்கி தவறி வெடிக்காமல் தடுக்கிற பொத்தான். உன் .32 வெப்ளியில் அந்தப் பொத்தானே கிடையாது. பெரும்பாலான ரிவால்வர்களில் கிடையாது. சிங்கப்பூர் போலீசுக்காக வெப்ளிக்காரன் செய்த துப்பாக்கிகளில் சேஃப்டி வைத்திருந்தான், அது அபூர்வம். இடது பக்கம் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி ஒரு நெம்புகோல் இருக்கிறதே, அதைச் சேஃப்டி என்று நினைத்துவிடாதே. அது துப்பாக்கியைத் திறக்கிற கொண்டி. அதை அழுத்தினால் குழல் முன்பக்கமாக மடங்கும், சிலிண்டரின் பின்புறம் வெளியே தெரியும், நடுவிலிருக்கும் நட்சத்திர வடிவத் தகடு மேலே எழும்பி ஆறு தோட்டாவையும் ஒன்றாகத் தள்ளிவிடும். கான்பூரில் நம் அரசுத் தொழிற்சாலை செய்கிற .32-உம் இதன் வாரிசுதான்.

அப்படியானால் எதை நம்பி வடிவமைத்தார்கள் என்று கேட்பாய். ட்ரிகரின் கனத்தை. ஹேமர், அதாவது தோட்டாவை அடிக்கிற சுத்தி, கீழே இருக்கும்போது ட்ரிகரை இழுத்துப் பார்த்தால் தெரியும், நீளமான, முரட்டு இழுப்பு. தெரியாமல் விரல் பட்டால் வெடிக்காது. சுட்டு முடித்து விரலை விட்டதும் ஹேமர் தானே சற்றுப் பின்வாங்கி நிற்கும். ஆனால் கட்டைவிரலால் ஹேமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. பிறகு லேசாகத் தொட்டாலே போதும். சரி, மெதுவாக இறக்கிவிடலாம் என்று ஹேமரைப் பிடித்துக்கொண்டே ட்ரிகரை அழுத்துவார்கள். எண்ணெய் பட்ட கட்டைவிரல் வழுக்கினால் அவ்வளவுதான். ஆகவே வீட்டில் ஹேமரை ஏற்றவே ஏற்றாதே, பேரன் எவ்வளவு கெஞ்சினாலும்.

நான் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான ஈ.எம்.ஈ.யில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக, இருந்த காலத்தில் 9 எம்.எம். பிரௌனிங் பிஸ்டல் எத்தனையோ கையில் வந்திருக்கிறது. அதில் நல்ல சேஃப்டி உண்டு. எனக்கு நேர்ந்தது அதில்தான். ஒரு ஒர்க்ஷாப்பில், “காலி” என்று சொல்லி ஒருவர் நீட்டினார். மேலே பின்னுக்கு நகர்கிற ஸ்லைடை இழுத்துப் பார்க்காமல் வாங்கினேன். அவர் ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு அப்புறம் தோட்டா அடுக்கிய மேகஸினைக் கழற்றியிருக்கிறார். இழுத்தபோது மேகஸினிலிருந்து ஒரு தோட்டா ஏறிக் குழலின் பின்னறைக்குள் உட்கார்ந்துவிட்டது. பழுது பார்த்து, காலி மேகஸினைப் போட்டு, மணல் பீப்பாய்ப் பக்கம் குழலை வைத்து ட்ரிகரை அழுத்தினேன். மணல் காப்பாற்றியது. காது மூன்று நாள் ரீங்கரித்தது. அன்றிலிருந்து யார் காலி என்று சொன்னாலும் நானே திறந்து பார்ப்பேன். பரேடில் “ஜாஞ்ச் சஸ்த்ர்” (ஆயுதத்தைச் சோதி) என்று தினமும் கத்தவைத்தது எதற்கு என்று அன்றுதான் உறைத்தது.

உன் வெப்ளியில் அந்த வரிசைக் குழப்பம் இல்லை. திறந்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஒன்றே ஒன்று. .32 தோட்டா குட்டையானது, வெளியே தள்ளும்போது சில நேரம் ஒன்று நட்சத்திரத்துக்கு அடியில் நழுவி மாட்டிக்கொள்ளும். கீழே விழுந்ததை மட்டும் எண்ணாதே. ஆறு ஓட்டையிலும் வெளிச்சம் வருகிறதா என்று பார். குழல் தரையைப் பார்த்திருக்கட்டும், விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். பீரோவிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, வைக்கும்போது ஒரு தடவை, ஸ்டேஷனில் ரைட்டர் முன்னாலும் ஒரு தடவை. அடுத்த முறை அவர் சேஃப்டி என்று கேட்டால் திறந்து காட்டு.

அப்பா வைத்திருந்த அந்தத் தோல் உறையில் போட்டு வைக்காதே. தோல் ஈரத்தை இழுக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், இரும்பு துருப்பிடிக்கும். லேசாக எண்ணெய் தொட்ட துணி போதும். களிம்பேறிய பழைய தோட்டாக்களை லைசென்ஸ் உள்ள கடையில் காட்டி, என்ன செய்வது என்று கேள். கொல்லையில் வீசிவிடாதே. தோட்டா ஓரிடம், துப்பாக்கி ஓரிடம், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு.

உன் தம்பி இன்னொன்று வாங்கச் சொல்கிறானாமே. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு முன்னால் ஒரு ஆள் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், இப்போது இரண்டுதான். ஒற்றைக்குழல் ஒன்று, வெப்ளி ஒன்று, உன் கணக்கு முடிந்தது என்று சொல்லிவிடு.

இத்தனை வயதான ஹேமரும் ஸ்பிரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் அதில் ஒரு தோட்டாவும் போடாதே. தை பிறந்ததும் அங்கே வருகிறேன். உன்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு நானே பிரித்துப் பார்க்கிறேன். வந்ததும் முதலில் இளநீர், அப்புறம்தான் வெப்ளி.

வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
கோபால்