சித்திக்கு, ஐந்தோவனிலிருந்து

ஐந்தோவன், நெதர்லாந்து

அன்புள்ள சித்திக்கு,

இங்கு நாங்கள் நால்வரும் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமா? அவருடைய முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

போன வாரம் போனில், "கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வகுப்பு எடுக்கிறாயாமே, அதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டீர்கள். சட்டென்று பதில் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தனை வருடம் பிரசவம் பார்த்தவர் நீங்கள். உங்களுக்கு நுனிப்புல் மேய்ந்தாற்போல் சொன்னால் போதாது, விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஊரில் சிக்கலில்லாத கர்ப்பத்தை டாக்டர் பார்ப்பதில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மிட்வைஃப்தான். நர்ஸ் படிப்போடு சேர்த்துப் படிப்பதில்லை, இதற்கென்றே நாலு வருடப் படிப்பு இருக்கிறது. எப்போது ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கு நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல்: ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன், இரட்டைப் பிள்ளை, தலை திரும்பாத பிள்ளை என்று போகும். அதில் எதுவும் இல்லாதவள் விரும்பினால் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம். 1960-களில் இங்கே மூன்றில் இரண்டு குழந்தைகள் வீட்டில்தான் பிறந்தன. இப்போது சுமார் ஏழில் ஒன்று.

சின்னவனை நானும் அப்படித்தான் பெற்றேன். அம்மா அப்போது பயந்துபோய் உங்களுக்குப் போன் செய்தது நினைவிருக்கும். அன்றைக்கு வீடு எப்படி இருந்தது என்று நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை. இன்சூரன்ஸ்காரர்கள் முன்கூட்டியே ஒரு பெட்டி அனுப்பிவிட்டார்கள். விரிப்பு, பஞ்சு, காஸ், தொப்புள்கொடிக்குக் கிளிப் எல்லாம் அதில் இருந்தன. கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 80 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவைக்க வேண்டும். குனிந்து வேலை பார்ப்பவர்களின் இடுப்பு போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்த விதி. உங்கள் இடுப்பை நினைத்துக்கொண்டேன், சித்தி.

வலி நெருங்கி வந்தபோது மிட்வைஃப் விளக்குகளை அணைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் குட்டை முக்காலி ஒன்றில், பின்னால் இவர் பிடித்துக்கொள்ள. அவள் கையில் ஒரு சின்ன டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும் மட்டும்தான். என்னைப் படுக்கச் சொல்லாமல், கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து அதிலேயே தலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டாள். "முக்கு, முக்கு" என்று யாரும் கத்தவில்லை. உடம்பு தானாக முக்கியது.

அப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் தினமும் ஒரு பெண் வந்தாள். க்ராம்ஸோர்க் என்று இதற்குப் பெயர். குழந்தையின் எடை, என் காய்ச்சல், கர்ப்பப்பை சுருங்கி இறங்கும் அளவு எல்லாம் பார்ப்பாள், பால் கொடுக்க உட்காரவைப்பாள், பாத்ரூமையும் கழுவிவிடுவாள். பார்க்க வருகிறவர்களுக்கு ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சீனி பூசிய சோம்பு தூவிக் கொடுப்பது இங்கே வழக்கம். சோம்பு பால் சுரக்கவைக்கும் என்று இவர்களும் சொல்கிறார்கள்!

மூத்தவள் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அதுவும் சுகப்பிரசவம்தான். ஆனால் மல்லாக்கப் படுக்கவைத்து, ட்ரிப்ஸில் வலி வருவதற்கு மருந்து ஏற்றி, அம்மாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். எதற்கு வெட்டினார்கள், எத்தனை தையல் போட்டார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வலியைவிட, என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிடந்ததுதான் வருடக்கணக்கில் உறுத்தியது. சின்னவன் பிறந்த பிறகு நான் லமாஸ் முறையில் பிரசவக் கல்வியாளர் பயிற்சிக்குச் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். பாரிஸில் டாக்டராக இருந்த லமாஸ் 1951-இல் சோவியத் ரஷ்யா போய், மூச்சுப் பயிற்சியும் மனத்தயாரிப்பும் கொண்டு வலியைச் சமாளிக்கும் முறையைப் பார்த்துவிட்டு வந்து தன் நாட்டில் தொடங்கினார். இப்போது மூச்சு அதில் ஒரு பகுதிதான். வலி தானாகத் தொடங்கட்டும், நடக்கட்டும், துணை இருக்கட்டும், தேவையில்லாமல் கைவைக்க வேண்டாம், மல்லாக்கப் படுக்க வேண்டாம், பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டாம் என்பவைதான் இன்றைய பாடம்.

சனிக்கிழமைகளில் வகுப்பு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம்மூர் ஜோடிகள். பலூனுக்குள் ஒரு பிங்பாங் பந்தைப் போட்டு ஊதி, வாயைக் கட்டாமல் தருகிறேன். பலூன்தான் கர்ப்பப்பை, அதன் கழுத்து கர்ப்பப்பை வாய், பந்து பிள்ளையின் தலை. பந்து உள்ளிருந்து வாயை அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் அழுத்தினால் ஒன்றும் ஆகாது, அது பொய்வலி. மேலிருந்து விட்டுவிட்டு அழுத்தினால் நீளமான கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, மெலிந்து, விரிந்து, கடைசியில் பந்து வெளியே வரும். கழுத்து சுருங்கும்வரை வாய் திறக்காது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். "ஒரு நாள் முழுக்க வலித்தும் இரண்டு சென்டிமீட்டர்தானா திறந்திருக்கிறது" என்று இடிந்துபோகும் பெண்ணுக்கு இந்த ஒரு பலூன் போதும். அப்புறம் உள்ளங்கையில் ஐஸ்கட்டியை ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்வேன். முதலில் சும்மா, அடுத்து மூச்சை நீட்டி விட்டுக்கொண்டு, புருஷன் தோளைப் பிடித்திருக்க. ஐஸ் அதேதான், இரண்டாவது நிமிடம் வேறு மாதிரி இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

வீட்டில் பெற்றுக்கொள் என்று ஊரில் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். 5 லட்சத்துக்கும் மேலான பிரசவங்களை வைத்து 2009-இல் இங்கே வெளியான ஆய்வில், சிக்கலில்லாத பெண்களுக்கு வீடும் ஆஸ்பத்திரியும் ஒரே அளவு பாதுகாப்பு என்று வந்தது. ஆனால் படித்த மிட்வைஃபும், உடனே வரும் ஆம்புலன்ஸும், பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் இருக்கிற ஊரின் கணக்கு அது. சிசேரியனும் உயிர் காக்கும் வேலை. வகுப்பில் அதற்கென்று ஒரு முழு நேரம் ஒதுக்குகிறேன். தமிழ்நாட்டில் 2019-21 கணக்குப்படி நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன், தனியாரில் 64 என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேருக்குமா தேவைப்பட்டிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் சின்னவள் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்குத்தானே வருகிறாள்? அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாமே, அந்த இடத்தை வேறு யாருக்கும் விட்டுவிடாதீர்கள், நீங்களே போங்கள். வலி ஆரம்பித்ததும் படுக்கவைக்காமல் நடக்கவிடுங்கள், இடுப்பில் கைவைத்து அழுத்தி விடுங்கள், தண்ணீர் குடிக்கவையுங்கள். பலூனும் பந்தும் ஒரு பையில் போட்டு, வருகிற மாதம் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். வளைகாப்பு முடிந்த மறுநாள் வீடியோவில் கூப்பிடுங்கள், மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவர்களுக்கு நான் முழு வகுப்பையும் எடுத்துவிடுகிறேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

என்றும் அன்புடன்,
உங்கள் அக்கா மகள்