அப்பாவின் ஃபைல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அப்பா காரியத்துக்கு வர முடியவில்லையே என்று அத்தனை வருந்தி எழுதியிருந்தாய். மாமியாரை அந்த நிலையில் விட்டுவிட்டு நீ எப்படி வர முடியும்? அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறாள். சாப்பாடு இறங்குகிறது. ராத்திரித் தூக்கம்தான் இன்னும் சரியில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் பலரும் ஒன்றையே சொன்னார்கள்: ராணுவத்தில் இருந்து நாட்டுக்காகக் குடும்பத்தை விட்டுக்கொடுத்தவர் என்று. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் எங்களை எங்கே விட்டுக்கொடுத்தார்? எங்கே இருந்தாலும் எங்களைப் பிடித்த கையை அவர் விட்டதே இல்லை. அந்த இடத்தில் யாரிடமும் வாதாட முடியுமா? உன்னிடம் சொல்லலாம், நீ கூடவே இருந்து பார்த்தவள்.

அந்த இன்லேண்ட் லெட்டர்கள் உனக்கு நினைவிருக்கும். நாம் பதில் எழுதும்போது முகவரியில் ஊர் பெயரே இருக்காது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கீழே 56 ஏபிஓ என்கிற ராணுவத் தபால் நிலைய எண், அவ்வளவுதான். அப்பா எந்த மலையில் இருக்கிறார் என்று அம்மாவுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும், ஒட்டுகிற மடிப்புக்கு மேலே மிஞ்சும் இடத்தில், எனக்கென்று ஒரு கணக்கு இருக்கும். "ஒரு செக்‌ஷனில் 10 பேர். ஆளுக்கு வேளைக்கு 4 ரொட்டி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை. மூன்று நாளைக்கு லங்கரில், அதாவது எங்கள் சமையல்கூடத்தில், எத்தனை ரொட்டி சுட வேண்டும்?" 240 என்று விடை எழுதி, காலையில் ரொட்டி கிடையாதா என்றும் கேட்டிருந்தேன். அடுத்த கடிதத்தில் சிவப்பு மையில் ஒரு டிக், பக்கத்தில் "காலையில் பூரி. கேள்வி கேட்டதற்குத் தனியாக ஐந்து மார்க்" என்று வந்தது. அதற்குள் முழுப் பரீட்சையே முடிந்துவிட்டது! இருந்தாலும் அந்த ஐந்து மார்க்கை வகுப்பு முழுக்கக் காட்டினோமே.

ஆண்டு விடுப்பு 60 நாள். ஜம்முவிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் மூன்று இரவு உட்கார்ந்து வருவார். கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்த மறுநாளே கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய், சைக்கிளுக்கு டியூப், என் பள்ளிக்கூடத்தில் டீச்சரோடு பேச்சு. பத்து மாதத்து அப்பா வேலையை இரண்டு மாதத்தில் செய்து முடிக்கப் பார்ப்பார். போகிற நாளில் மட்டும் யாரையும் ஸ்டேஷனுக்கு வர விடமாட்டார்.

பாகிஸ்தானோடு நடந்த 1971 போரில் பசந்தர் ஆற்றுப் பக்கம் இருந்ததை எத்தனை முறை கேட்டாலும் சொல்வார். கண்ணிவெடி புதைத்த நிலத்தில் முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தது, டிசம்பர் மாதக் குளிர், எல்லாமே. 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனதைப் பற்றி மட்டும் பேசவே மாட்டார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்த ஒரு தமிழ் ஆள் அங்கே என்னவெல்லாம் பார்த்திருப்பார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். பழைய கடிதங்களை எடுத்து அடுக்கும்போது கவனித்தேன்: அந்த மாதங்களில் வந்தவற்றில் மட்டும் கணக்கு இல்லை. இரண்டு வரி நலம் விசாரிப்பு, முத்தங்கள், கையெழுத்து.

சுபேதாராக ஓய்வு பெற்று வந்த பிறகு நிறையப் பேர் பேங்க் செக்யூரிட்டி வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஒரு ரெக்ஸின் பை, கார்பன் பேப்பர், நாலு பேனா. படைவீரர்களின் மனைவிமார் வீட்டுக்கெல்லாம் சைக்கிளில் போய் மனு எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலையாகிவிட்டது. 2003-ல் முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் வந்தபோது விண்ணப்பம் நிரப்பினார். 2015-ல் ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் ஆணை வந்ததும், 2014 ஜூலை 1 முதல் யாருக்கு எவ்வளவு அரியர்ஸ் என்று அட்டவணையை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார். நவம்பர் பிறந்தால் உயிர்ச்சான்றுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைவார். கணவன் செத்த வீட்டில் ஒரு பெண் சர்ட்டிஃபிகேட்டுக்காகப் படி ஏறி இறங்குவதைப் பார்த்தால் அவருக்கு ஆத்திரம் வந்துவிடும். போரைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

அவர் போன நாலாம் நாள் அம்மா பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணை, கல்யாணத்தை ராணுவப் பதிவில் ஏற்றிய பார்ட் டூ ஆர்டரின் நகல், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, ஜாயின்ட் அக்கவுண்ட் பாஸ்புக். எல்லாவற்றிலும் அம்மா பெயர் ஒரே எழுத்தில் இருக்கும்படி முன்பே திருத்தி வாங்கி வைத்திருக்கிறார். மேலே அவர் கையெழுத்தில் ஒரு தாள், அம்மாவுக்கு. "இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதி வாங்கு. பேங்குக்குப் பிள்ளையைக் கூட்டிப் போ. ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் பென்ஷன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நம் பெண் பார்த்துக்கொள்வாள். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்கில் உனக்கு வரும். அவசரப்படாதே. யாரிடமும் கெஞ்சாதே. அது உன் பணம்." அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

இப்போது உன் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். பிபிஓவில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர், அதனால் குடும்ப ஓய்வூதியம் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். இதைப் பற்றி அப்பா நோட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. நம் இனிஷியலை ராணுவத்தில் முழுப் பெயராக விரித்து எழுதிவிடுவதால் அடிக்கடி வருகிற சிக்கல்தான். உன் மாமனார் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பதால் அவர் பணிப் பதிவுகள் இருக்கிற ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் பெங்களூரில். இரண்டு பெயரும் ஒருவரே என்று அஃபிடவிட் எடுத்து, முதலில் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போ. அவர்கள் மூலமாக ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு அனுப்பினால், அங்கிருந்து பிரயாக்ராஜில் இருக்கிற ராணுவ ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய்த் திருத்திய பிபிஓ வரும். மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் வரும்.

டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து இந்த வாரமே எனக்கு அனுப்பு. அப்பா எழுதிக் கொடுத்த பழைய மனுக்களின் நகல் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்து உனக்கு ஒன்று எழுதித் தருகிறேன். மாமியாரிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தோழி