படத்தில் இருப்பது ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாட்படை தினத்தையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் படத்துக்குக் கீழே, 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் இறங்கிய விமானமே இன்றும் பறக்கிறது என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமான உடலைப் பழுதுபார்ப்பவனாகச் சேர்ந்து, அசாமின் ஜோர்ஹாட்டில் டகோட்டாக்களின் தகடுகளுக்கு ரிவெட் ஆணி அடித்தே இளமையைக் கழித்தவன் நான். இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

படத்தில் உள்ள விமானத்தின் உடலில் விபி 905 என்று எழுதியிருக்கிறது. காஷ்மீருக்குள் பாகிஸ்தான் பக்கமிருந்து புகுந்த பழங்குடிப் படையைத் தடுக்க அன்றைக்குச் சீக்கிய ரெஜிமெண்டின் முதலாவது பட்டாலியன் வீரர்களை ஸ்ரீநகருக்குக் கொண்டுபோன டகோட்டாவின் எண்ணும் அதுதான். குழப்பம் இங்கேதான் வருகிறது. அந்தப் பழைய விமானத்தின் நினைவாக அதன் எண்ணை இதற்குச் சூட்டினார்கள். எண்தான் அதனுடையது, விமானம் வேறு.

இந்த விமானம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்டு பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போனது. போருக்குப் பின் படையிலிருந்து கழித்து விற்றார்கள். ஜி-ஏஎம்எஸ்வி என்ற பிரிட்டிஷ் சிவில் பதிவோடு ஏர் அட்லாண்டிக் என்ற கம்பெனியில் வெகுகாலம் இருந்தது. அந்தக் கம்பெனியின் டகோட்டாக்கள் சரக்கு ஏற்றின. கடலில் எண்ணெய் கொட்டிப் படர்ந்தால் அதன்மேல் மருந்து தெளிக்கவும் போயின. கடைசியில் ஓட்டமில்லாமல் கிடந்ததை 2011-ல், அப்போது எம்.பி.யாக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வாங்கினார். அவருடைய அப்பா ஏர் கமடோர் எம்.கே.சந்திரசேகர் நம் விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வைத்துப் பழுதுபார்த்தார்கள். 2018 ஏப்ரல் 17 அன்று அங்கிருந்து கிளம்பி, பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், வளைகுடா நாடுகள் என்று இறங்கி இறங்கி ஏப்ரல் 25-ல் ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே 4 அன்று டெல்லி அருகே ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் 'பரசுராமா' என்ற பெயரோடு படையில் சேர்ந்தது. 2022 குடியரசு தின அணிவகுப்பில் இரண்டு டார்னியர் விமானங்களை இருபக்கமும் வைத்துக்கொண்டு பறந்தது இதுதான்.

இந்த வரலாறு என்ன மட்டமா? எழுபது வயது தாண்டிய விமானம் ஐரோப்பாவிலிருந்து சொந்த இறக்கையில் பறந்து வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, அது போகாத ஸ்ரீநகருக்கு அதை ஏன் அனுப்ப வேண்டும்? விமானத்துக்குப் பெயிண்ட் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறும், எண்ணும் மாறும். கம்பெனி அடித்த வரிசை எண் தகடு ஒன்றுதான் அது எந்த விமானம் என்று சொல்லும். லாக் புத்தகத்தில் ஒரு நட்டு மாற்றியதைக்கூடக் கையெழுத்துப் போட்டு எழுதிய எங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஸ்ரீநகரில் இறங்கியவர்களின் கதையையும் கட்டுரை அவசரமாகக் கடந்துவிட்டது. லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் வீரர்களோடு டெல்லியில் விமானம் ஏறியபோது, ஸ்ரீநகர் ஓடுதளம் யார் கையில் இருக்கிறது என்றே உறுதியாகத் தெரியாது. மேலே வட்டமடித்துப் பார், சந்தேகமாக இருந்தால் ஜம்முவுக்குத் திருப்பு என்றுதான் உத்தரவு. இறங்கினார்கள். ராய் பாரமுல்லாச் சாலைப் பக்கம் நடந்த சண்டையில் உயிரை விட்டார். அதற்கு முன்பே சமஸ்தானத் துறைச் செயலாளர் வி.பி.மேனனோடு ஸ்ரீநகர் போய் நிலைமையைப் பார்த்து வந்த கர்னல் யார் தெரியுமா? பிற்காலத்தில் நம் குன்னூரில் வீடு கட்டிக் குடியிருந்த மானெக்‌ஷா. நீலகிரிப் பதிப்பில் அந்த ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்த நாட்களில் டகோட்டாவை எதற்குத்தான் பயன்படுத்தவில்லை! குண்டுகளைக் கதவு வழியே கையால் உருட்டித் தள்ளியிருக்கிறார்கள். விமானப்படையின் ஏர் கமடோர் மெஹர் சிங் 1948 மே மாதம் மேஜர் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு லடாக்கின் லே ஊரில் விமானத்தை இறக்கினார். அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் பத்தாயிரம் அடிக்கும் அதிகம். ஓடுதளம் மணலும் கல்லும். நாங்கள் பார்த்ததெல்லாம் அதற்கு வெகுகாலம் பிந்திய, கிழடு தட்டிய டகோட்டாக்கள். அப்போதும் மலைக் காவல் சாவடிகளுக்கு அரிசியும் உப்பும் அவைதான் கொண்டுபோய்ப் போட்டன. மூட்டை தரையில் மோதிக் கிழியாமல் இருக்கச் சாக்குக்குள் சாக்கு வைத்துத் தைத்திருப்பார்கள். பின்கதவைக் கழற்றிவிட்டுத்தான் பறப்பு.

காலையில் எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்துவிட முடியாது. பதினான்கு சிலிண்டர்கள் வட்டமாக இரண்டு வரிசையில் இருக்கும். இரவெல்லாம் ஆயில் இறங்கிக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே சுழற்றினால் பிஸ்டன் கம்பி வளைந்துபோகும். அதனால் இரண்டு பேர் நின்று புரொப்பெல்லர் இலையைக் கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சுற்றுவோம். எங்காவது இறுகிப் பிடித்தால் அடி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிப்போம். சட்டையெல்லாம் கறுப்பாகிவிடும். வாலில் இருக்கும் சுக்கான் துணி போர்த்தியது. ஆலங்கட்டி மழையில் நின்ற விமானத்தில் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்போம்.

அப்புறம், நம் மலைக்கும் ஒரு டகோட்டா கதை உண்டு. போர் முடிந்ததும் உபரியாகிப்போன டகோட்டாக்களைப் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் சீட்டு வைத்துப் பயணிகள் விமானமாக்கினார்கள். நம் நாட்டு விமானக் கம்பெனிகள் அப்படிப்பட்ட டகோட்டாக்களில்தான் வளர்ந்தன. 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டகோட்டா ஒன்று கோத்தகிரிக்கு அந்தப் பக்கம், ரங்கசாமி தூண் என்ற உயரமான பாறை அருகே மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. கோடநாடு காட்சிமுனையில் நின்று செல்ஃபி எடுக்கிற பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், யாருக்கும் தெரியாது.

செத்தவர்களில் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் மேதையும் அவர் மனைவியும் இருந்தார்கள். இந்தியாவில் சொற்பொழிவுப் பயணமாக வந்தவர். போர்க்காலத்தில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆராய்ச்சிக் குழுவில், அடிபட்டுத் திரும்பும் விமானங்களைப் பற்றிக் கணக்குப் போட்டவர். திரும்பி வந்த விமானத்தில் குண்டுத் துளை எங்கே அதிகமோ அங்கே கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். துளை இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் வால்டின் கணக்கு சொன்னது. ஏனென்றால் அங்கே அடிபட்டவை திரும்பியே வரவில்லை. துளைக்கு ஒட்டுப்போடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு இது புத்தியில் ஏற இரண்டு நாள் பிடித்தது. அந்த மனிதர் கடைசியில் விழுந்தது ஒரு டகோட்டாவில், அதுவும் நம் மலையில். பாதுகாத்து வைத்த விமானத்துக்கு இணைப்பில் முழுப் பக்கம் கிடைக்கிறது. இங்கே விழுந்ததற்கு நான் அறிந்த வரை ஒரு கல்வெட்டுகூட இல்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். படக்குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். நாலு வரி போதும். தேதிகளை மேலே கொடுத்திருக்கிறேன், விமானப்படையின் 2018-ஆம் ஆண்டு அறிவிப்போடு ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, தங்கள் கோத்தகிரி நிருபரை அந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் அனுப்புங்கள். விமானம் விழுந்தபோது பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகிறது. யார் வீட்டுப் பரணிலாவது ஒரு அலுமினியத் தகடு கிடைத்தால் என்னிடம் காட்டச் சொல்லுங்கள். ரிவெட் வரிசையைப் பார்த்தே அது டகோட்டாவின் தகடா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை வீரர்,
அரவேணு, கோத்தகிரி.