பனி நாட்டுக் கையேடு பினாங்கு மழைக்கு உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறைக்கு வாசலில் போட்ட பிவிசி நீச்சல் தொட்டிகள், விடுமுறை முடிந்தும் பல தாமான் குடியிருப்புகளில் பாதி நீரோடு நிற்கின்றன. நீரைக் குறைத்து, மருந்து போட்டு, மூடி வைத்தால் போதும் என்கின்றன இணையக் காணொளிகள். அது பனி பெய்யும் நாட்டு யோசனை. அங்கே நீர் உறைந்து குழாய் வெடிக்கும் என்ற பயம், இங்கே டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு. முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க நம் வெயிலில் ஏழெட்டு நாள் போதும். தொட்டியில் குளோரின் இருந்தாலும், மூடியின் குழிவில் தேங்கும் மழைநீரில் அது இல்லையே! 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டுக்காரர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடலாமே என்பார்கள். 1 விழுக்காடு அபேட் மணிகள் 100 லிட்டருக்கு 10 கிராம் தேவை. 10 அடி விட்டம், 30 அங்குல உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 4,400 லிட்டர் பிடிக்கும். கணக்குப் போட்டால் 440 கிராம்! தினமும் பம்ப் ஓட்டி, குளோரினை 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை வைத்திருக்க முடியாதவர்கள் தொட்டியைக் காலி செய்வதே சரி.

காலி செய்யுமுன் ஒழுகலைக் கண்டுபிடியுங்கள். மடித்த பிறகு ஊசித்துளை கண்ணில் படாது. ஒரு வாளியில் தொட்டி நீரை நிரப்பி, தொட்டிக்குள்ளேயே நிற்க வையுங்கள். இரண்டின் நீர்மட்டத்தையும் குறித்து, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தொட்டி மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் ஒழுகல் உறுதி. மழை பெய்த நாளில் இந்தச் சோதனை வேண்டாம். சந்தேகப்படும் இடத்தருகே உணவுச் சாயம் ஒரு சொட்டு விட்டால், துளை அதை இழுத்துக் காட்டிவிடும்.

ஒட்டு, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும். இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, வினைல் (பிவிசி) பசை தடவி, உள்பக்கம் ஒட்டுங்கள். நீரின் அழுத்தமே பிறகு அதைப் பிடித்துக்கொள்ளும். மேலே சமமான பாரம் வைத்து ஒரு நாள் விடுங்கள். சூப்பர் குளூ காய்ந்ததும் விறைத்து வெடிக்கும்; சைக்கிள் டியூப் பசை ரப்பருக்கானது, வினைலில் நிற்காது.

பக்கச்சுவரின் தையல் விட்டிருந்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. பெரும்பாலும் வாசல் தரையே காரணம். கார் நிறுத்துமிடம் கால்வாய்ப் பக்கம் சரிவாகத்தான் கட்டப்பட்டிருக்கும்; நீரின் பாரம் தாழ்ந்த பக்கத்துத் தையலை இழுத்துக்கொண்டே இருக்கும். அடுக்குமாடி பால்கனியில் வைக்கவே வைக்காதீர்கள்: 4,400 லிட்டர் என்றால் 4.4 டன். காற்று வளையமுள்ள தொட்டி என்றால் காலையில் முழுக்க ஊதாதீர்கள், நண்பகல் வெயிலில் காற்று விரிந்து வளையம் பிளக்கும்.

குளோரின் போடுவதை நிறுத்தி, இரண்டு மூன்று நாள் வெயில் பட்ட பிறகு நீரைக் கால்வாயில் விடலாம். அடிப்பக்கத்தையும் புரட்டிக் காயவிடுங்கள். காலித் தொட்டியை வெளியே விட்டால் புயற்காற்று தூக்கிவிடும். இரும்புச் சட்டக் குழாய்களை நிமிர்த்தி வைத்து உள்ளிருக்கும் நீரை வடியுங்கள். துருவும் அங்கேதான், புழுவும் அங்கேதான். பம்பின் வடிகட்டியைக் கழற்றிக் காயவைத்து, குழாய்களை வாய் கீழாகத் தொங்கவிடுங்கள். தொட்டி நன்கு காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவித் தளர்வாக மடித்து, எலி புகாத மூடிப்பெட்டியில் வையுங்கள்.

விற்பனையாளர்கள் இவற்றை ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் அச்சிட்டுப் பெட்டியோடு கொடுக்கலாமே.

நீச்சல் குளப் பராமரிப்பாளர்கள்,
ஜெலுத்தோங், பினாங்கு