சீவா உப்புக் குளத்தில் மிதப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எகிப்துக்குப் போய்க் காணொளி எடுக்கும் தமிழ்ப் பயண நண்பர்களுக்கு,

வணக்கம். சீவா பாலைவனச் சோலையைப் பற்றி யார் காணொளி போட்டாலும் விடாமல் பார்ப்பவன் நான். நீலப்பச்சைக் குளத்தில் மல்லாந்து மிதக்கிறீர்கள். "பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரா!" என்று வாய் பிளக்கிறீர்கள். அப்புறம் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். அந்தத் தண்ணீர்தான் ஊருக்குத் தலைவலி என்பதையும் ஒரு நிமிடம் சொல்லக் கூடாதா?

சீவா, கடல்மட்டத்துக்குச் சுமார் 18 மீட்டர் கீழே கிடக்கும் பள்ளம். லிபிய எல்லை ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். நிலத்தடி நீர் ஊற்றாகத் தானே பொங்குவதால் பேரீச்சையும் ஆலிவும் அங்கே தழைத்தன, ஊர் பிழைத்தது. ஆனால் பள்ளத்தில் சேரும் நீர் எங்கே வடியும்? கடந்த சில பத்தாண்டுகளில் ஆளாளுக்குக் கிணறு தோண்டினார்கள். பாய்ச்சியது போக மிஞ்சிய நீர் ஏரிகளில் போய்ச் சேர்கிறது. வெயில் நீரைக் கொண்டுபோகிறது, உப்பை விட்டுவிடுகிறது. ஏரி ஏற ஏற ஓரத்து நிலம் உவர் பிடித்து, மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. இத்தனைக்கும் கீழே இருப்பது பழங்காலத்து நீர். இறைத்த வேகத்தில் திரும்ப ஊறாது.

நீங்கள் மிதக்கும் குளமும் இயற்கை தந்ததல்ல, உப்பு வெட்டியெடுத்த குழி. உப்பும் அங்கே ஒரு வருமானம்தான்.

கி.மு. 331-இல் அலெக்சாந்தர் குறி கேட்க வந்த அமுன் கோயிலுக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குகிறீர்கள். சரி, அது வேண்டியதுதான். ஷாலி கோட்டையை ஏன் படத்துக்குப் பின்னணியாக மட்டும் வைக்கிறீர்கள்? உப்பும் களிமண்ணும் கலந்த 'கெர்ஷெஃப்' கட்டிகளால் எழுப்பியது அது. 1926-இல் மூன்று நாள் பெய்த மழையில் கரைந்து சரிந்தது. வீட்டில் அரபியைவிடத் தங்கள் சீவி மொழியையே பேசும் அமாசிக் (பெர்பர் என்றும் அழைக்கப்படும் வட ஆப்பிரிக்கப் பூர்வகுடி) மக்களின் பழைய ஊர் அது.

அடுத்த முறை போனால் ஏரிக்கரைக்கு நடந்துபோய், பட்டுப்போன ஈச்ச மரங்களையும் கேமராவில் காட்டுங்கள். ஒரு விவசாயியிடம் அவர் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். மிதக்கிற காட்சியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் பார்வையாளன்